கப்பல்களை அழித்த தூரிகை

‘கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து திண்ணையில் அப்படி உட்கார்ந்திருந்ததற்காகப் பாட்டி என் கையைத் தட்டிவிட்டது இன்றும் நினைவிருக்கிறது. கை கன்னத்துக்குப் போனால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் நம்பிக்கை. ஐரோப்பிய ஓவியத்தில் அதே கைதான் பல நூற்றாண்டுகளுக்குத் துயரத்தின் அடையாளமாக இருந்தது. ஆல்பிரெக்ட் டூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘மெலன்கோலியா’ படத்தில், இறக்கை முளைத்த ஒரு பெண் மூடிய கையில் கன்னத்தைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் இரம்பம், தராசு, மணல் கடிகாரம், காலடியில் இளைத்த நாய். வேலைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, வேலை ஓடவில்லை. அவள் முகத்தை டூரர் நிழலுக்குள் தள்ளிவிட்டார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணின் வெண்மை மட்டும் அந்த நிழலிலிருந்து எட்டிப்பார்க்கிறது.

தனியாக நிற்கும் அல்லது அமர்ந்திருக்கும் ஒருவரை வரைந்து, பார்ப்பவரின் மனத்தை மந்தாரம் போடவைக்கும் ஓவியங்களுக்கு நீண்ட மரபு உண்டு. வானத்துக்கும் மனத்துக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள ‘மந்தாரம்’ என்ற சொல் நம்மிடம் இருப்பது வசதி. இந்த ஓவியங்களைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலோர் ‘சோகமான முகம்’ என்றே தொடங்குகிறார்கள். படத்தைத் திரும்பப் பாருங்கள்: முகமே இருக்காது. திரும்பியிருக்கும், தொப்பிக்குக் கீழே மறைந்திருக்கும், அல்லது கடுகளவுதான் இருக்கும். பிறகு அந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது? என் கணிப்பில், ஓவியர் எதை வரைந்தார் என்பதைவிட எதை எடுத்துவிட்டார் என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

இதற்கு ஃப்ரீட்ரிக்கைப் போலக் கைமேல் பலன் தரும் சாட்சி வேறில்லை. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840) பால்டிக் கடலோரத்து கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பிறந்து டிரெஸ்டனில் வாழ்ந்த ஜெர்மானியர். 1808 முதல் 1810 வரை அவர் வரைந்த ‘கடலோரத் துறவி’ 110 சென்டிமீட்டர் உயரமும் 171.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு பெரிய துணியில் ஆள் ஏறக்குறைய ஒரு விரல் நீளம். கீழே வெளிறிய மணல், அதன்மேல் கருத்த கடலின் ஒல்லியான பட்டை, மிச்சம் முழுக்க வானம். படத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வானத்துக்கே போய்விட்டது. எல்லாம் படுக்கைவசமாக ஓட, செங்குத்தாக நிற்பது அந்தத் துறவி ஒருவர்தான். நமக்கு முதுகைக் காட்டுகிறார். கையை மோவாய்க்குக் கொண்டுபோயிருப்பது போலத் தெரிகிறது. பாட்டி பார்த்திருந்தால் தட்டிவிட்டிருப்பார்.

படம் முடிவதற்கு முன்பே, 1809இல், அதை ஓவியரின் பட்டறையில் பார்த்த மேரி ஃபொன் கியூகெல்கன் என்ற பெண்மணி ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்: படகு இல்லை, கப்பல் இல்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. கடல் ஓவியம் என்றால் அலையும் பாய்மரமும் இருக்கும் என்பது அன்றைய வழக்கம். வேடிக்கை என்னவென்றால், கப்பல்கள் இருந்தன. பின்னாளில் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் அவற்றின் கோடுகள் தெரியவந்தன. ஃப்ரீட்ரிக் முதலில் கப்பல்களை வரைந்து, பிறகு அவற்றின்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். கப்பல் இருந்தால் அந்த மனிதர் யாருக்கோ காத்திருப்பவர், அல்லது யாரையோ வழியனுப்பியவர். ஒரு கதை வந்துவிடும். கதை வந்தால் ஆறுதலும் கூடவே வந்துவிடும். கப்பலை எடுத்த பிறகு அவருக்கு அங்கே நிற்பதற்குக் காரணமே இல்லை.

1810இல் பெர்லின் கலைக்கழகத்தின் கண்காட்சியில் அதைப் பார்த்த எழுத்தாளர் கிளைஸ்ட், கண்ணிமைகளை அறுத்தெடுத்துவிட்டது போல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். கொஞ்சம் கொடூரமான வர்ணனைதான், ஆனால் துல்லியம். வழக்கமான நிலக்காட்சி ஓவியத்தில் இரு ஓரங்களிலும் மரமோ பாறையோ நின்று நம் பார்வைக்குக் கதவுச் சட்டம் போட்டுக்கொடுக்கும். இங்கே அதுவும் இல்லை. கண்ணுக்குத் தங்குமிடம் கிடையாது. பிரஷ்ய மன்னர் குடும்பம் படத்தை வாங்கிக்கொண்டது. இன்றும் அது பெர்லினில்தான் இருக்கிறது.

தமிழ் படித்தவருக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருப்பது இதைத்தான். நிலமும் பொழுதும் முதல். பறவை, மரம், தொழில் எல்லாம் கரு. மனத்தின் நிலை உரி. கடற்கரையும் சாயும் பொழுதும் வந்துவிட்டால் இரங்கலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது நெய்தலின் கணக்கு. ஃப்ரீட்ரிக் செய்தது இன்னும் கறாரான காரியம். கருப்பொருளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, நிலத்தையும் பொழுதையும் மட்டும் வைத்துக்கொண்டார். சில கடற்பறவைகள் வெண்புள்ளிகளாக மிஞ்சியிருக்கின்றன.

அவருக்கு 7 வயதில் தாய் இறந்ததையும், 13 வயதில் தம்பி நீரில் மூழ்கி இறந்ததையும் சொல்லி, அதனால்தான் இப்படி வரைந்தார் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் துயரம் கண்டவரெல்லாம் கப்பலை அழிப்பதில்லை. கப்பலை அழித்தது ஒரு கைவினைஞரின் முடிவு.

ஆளைச் சிறிதாக்கி வெற்றிடத்தைப் பெரிதாக்கும் வித்தை அவர் கண்டுபிடித்ததும் அன்று. சீனத்தின் தென் சோங் காலத்து மா யுவான் வரைந்ததாகச் சொல்லப்படும் மீனவர் படம் 12ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டுத் துணியின் நடுவே ஒரு சின்னப் படகு. அதன் ஒரு முனையில் குனிந்து தூண்டில் பார்க்கும் ஒருவர். படகைச் சுற்றி நாலைந்து மெல்லிய அலைக்கோடுகள். அவ்வளவுதான், மீதி வெறும் பட்டு. வரையாத பட்டு நீராகவும் குளிராகவும் மாறிவிடுகிறது. (அந்தத் தூண்டிலில் நூல் சுற்றும் உருளை ஒன்று இருக்கிறது. தூண்டில் உருளைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஓவியச் சான்று என்று மீன்பிடி வரலாற்றுக்காரர்கள் இதைக் காட்டுவார்கள். ஓவியத்தை மறந்துவிட்டு உருளையை மட்டும் பார்ப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.)

கடலும் ஏரியும் இல்லாத நகரத்தில் என்ன செய்வது? அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் (1882–1967) ‘ஆட்டோமேட்’ படத்தை இதற்குச் சற்று நின்று பார்க்கலாம். ஆட்டோமேட் என்பது பரிமாறுபவர் இல்லாத உணவகம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். துளையில் காசு போட்டால் கதவு திறந்து உணவை எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் 1912 முதல் இவை பெருகின. மலிவு, வேகம், நாள் முழுதும் கூட்டம்.

ஹாப்பர் 1927இல் அதை வரைந்தபோது அந்தக் காசுச் சுவரையே விட்டுவிட்டார். கூட்டத்தையும் விட்டுவிட்டார். ஒரு வட்ட மேசை. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கோட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் மென்மயிர்ப் பட்டை. தலையை இறுக்கிப் பிடித்த தொப்பி, கண்ணை நிழலுக்குள் இறக்கிவிட்டது. ஒரு கையில் கையுறை இருக்கிறது. கோப்பையைப் பிடித்த மற்றொரு கையில் இல்லை. அந்த ஒற்றைக் கையுறையில்தான் முழுப் படமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இரண்டையும் கழற்றியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட வந்தவள். இரண்டையும் போட்டிருந்தால் கிளம்பிக்கொண்டிருப்பவள். இவள் இரண்டுமில்லை. முன்னால் ஒரு சின்னத் தட்டு, காலி. எதிரே ஒரு நாற்காலி, அதுவும் காலி. பக்கத்தில் அறையைச் சூடாக்கும் இரும்புக் கருவி நிற்கிறது. அப்படியும் அவள் கோட்டைக் கழற்றவில்லை.

பின்னால் பெரிய கண்ணாடிச் சன்னல். நகரத்துச் சன்னல் என்றால் வெளியே தெரு தெரிய வேண்டும். விளக்குக் கம்பமாவது, எதிர்க்கடையாவது. ஒன்றுமில்லை. கன்னங்கரிய இருட்டில் உள்ளறையின் கூரை விளக்குகள் இரண்டு வரிசையாகப் பிரதிபலித்து, எங்கோ போய்க்கொண்டே இருக்கின்றன. வரிசை வரிசையாக விளக்கு பிரதிபலிக்கும் கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் தெரியவில்லை. சன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் நிறைய பழங்கள், படத்திலேயே உற்சாகமாக இருப்பது அதுதான். அதுவும் அவள் தலைக்குப் பின்னால், அவள் பார்க்காத இடத்தில். ஃப்ரீட்ரிக் கப்பலை எடுத்தார். ஹாப்பர் ஒரு தெருவையே எடுத்துவிட்டார்.

தன்னைத் தனிமையின் ஓவியர் என்று சொல்வது ஹாப்பருக்குப் பிடிக்காது. இந்தத் தனிமைப் பேச்சை அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்று சலித்துக்கொண்டவர் அவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தப் பெண் வேலை முடிந்து காபி குடிக்க வந்தவளாக இருக்கலாம். நாளை அவளுக்குக் கல்யாணமாகக்கூட இருக்கலாம். படம் அதை மறுக்கவில்லை.

நிறத்தை எடுப்பது இன்னொரு வழி. 1901 பிப்ரவரியில் பாரிஸில் நண்பர் காசகேமாஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்த பிறகு, இளைஞர் பிக்காசோவின் ஓவியங்களில் நீலத்தைத் தவிர மற்ற வண்ணங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1903 கடைசியில் தொடங்கி 1904இல் முடித்த ‘முதிய கிதார்க்காரர்’ இன்று சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. பார்வையற்ற கிழவர், எலும்பும் தோலுமாக, சட்டத்துக்குள் மடக்கித் திணித்தது போல உட்கார்ந்திருக்கிறார். உடம்பு நீலம், துணி நீலம், தரை நீலம். கிதார் மட்டும் மரத்தின் பழுப்பு. சதையைவிடக் கட்டைக்கு உயிர் அதிகமாக இருக்கிறது. அவர் கழுத்துக்கு மேலே உற்றுப்பார்த்தால் மங்கலாக ஒரு பெண்ணின் முகம் தெரியும். அதே பலகையில் முன்பு வரைந்து மூடிய வேறொரு படத்தின் மிச்சம். கப்பலைப் போல அவள் முழுதாகப் போய்விடவில்லை.

நார்வே ஓவியர் முங்க்கின் ‘அலறல்’ (1893) இந்த வரிசைக்கு வராது என்பேன். அங்கே எதுவும் கழியவில்லை. வானமும் நீரும் சேர்ந்துகொண்டு அந்த உருவத்தின்மேல் பாய்கின்றன. தவிர, அவர் தனியாகவும் இல்லை. பின்னால் பாலத்தில் இரண்டு பேர் நிதானமாக நடந்துபோகிறார்கள். நண்பர்கள் நடந்துபோய்விட்டார்கள், இயற்கையினூடே ஓர் அலறல் செல்வதை நான் உணர்ந்தேன் என்பது முங்க்கே எழுதிவைத்த குறிப்பு. கவனித்தால், அந்த உருவம் அலறுகிறதா, அலறல் கேட்டுக் காதைப் பொத்துகிறதா என்பதே கேள்வி.

எடுத்துவிடுவது என்ற என் கணக்கை நேராக எதிர்த்து நிற்பவை நம் நாட்டு ராகமாலை ஓவியங்கள். ராஜஸ்தானிலும் தக்காணத்திலும் இமயமலை அடிவாரத்துச் சிற்றரசுகளிலும் 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19 வரை தாள் தாளாக வரையப்பட்டவை. ஒவ்வொரு ராகத்துக்கும் ஓர் உருவம். தோடி ராகினி என்றால் தோளில் வீணையோடு காட்டில் நிற்கும் பெண். இசைக்கு மயங்கி மான்கள் வந்து சூழ்ந்திருக்கும். ககுபா என்றால் கையில் பூமாலையோடு மயில்களுக்கு நடுவே ஒருத்தி. இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய நாயகி ஓவியங்களில், இரவில் காதலனைத் தேடிப் போகும் அபிசாரிகை என்றால் மின்னல், பாம்பு, வழியில் கழன்று விழுந்த கொலுசு. வெற்றிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இலை இலையாக மரம், இறகு இறகாக மயில், சுருள் சுருளாக மேகம், மேலே மஞ்சள் பட்டையில் பாட்டு. முகமோ பக்கவாட்டில், எல்லாப் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். அதில் எந்த உணர்ச்சியும் எழுதியிருக்காது.

நீண்ட நாள் இவற்றை அலங்காரப் படங்கள் என்றே ஒதுக்கி வைத்திருந்தேன். தவறு என் பக்கம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வரைந்து, ஒருவனை மட்டும் வராமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மயில் துணையோடு நிற்கிறது, மேகம் மின்னலைத் தழுவுகிறது, மான் பாட்டுக்கு வந்துவிட்டது. வர வேண்டியவன் வரவில்லை. ஃப்ரீட்ரிக் நூறு பொருளை எடுத்துச் செய்ததை, இமயமலை அடிவாரத்துப் பெயர் தெரியாத ஒரு பஹாடி ஓவியர் ஒரே ஓர் ஆளை எடுத்துச் செய்துவிட்டார்.

பிறகு ஏன் நாம் முகத்தையே தேடுகிறோம்? பெரும்பங்கு ரவிவர்மாவுக்குப் போகும். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் தமிழ் வீடுகள் உட்படத் தெற்கெங்கும் சுவரேறின. அன்னத்தின் தூது கேட்கும் தமயந்தி (1899) தனியாகத்தான் நிற்கிறாள். ஆனால் நாடக மேடை நடிகையைப் போல அவள் கழுத்தும் கண்ணும் விரலும் நமக்காகப் பேசுகின்றன. அது வேறு வகைத் திறமை, குறை சொல்லவில்லை. நூறாண்டு காலண்டர் பார்த்த கண், முகம் பேசாத படத்தைக் கண்டால் திகைக்கிறது. இன்று கணினியிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்து வாங்கும் ‘தனிமை’ப் படங்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. மழை, ஈரத் தெருவில் நியான் விளக்கு, தலையை மூடிய உருவம், அதற்குமேல் பனிமூட்டம், போதாததற்கு ஒரு காகம். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போகிறது. எதை எடுப்பது என்று அதற்குச் சொல்ல நமக்கும் தெரிவதில்லை. வர்ணிக்கும்போது ‘சோகம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, ஆளுக்கும் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம், கையுறை எத்தனை என்று எழுதிப்பார்க்கலாம். படம் தானாகப் பேசத் தொடங்கும்.

அப்படி எழுதிப்பார்த்தால் சில படங்களில் சோகம் காணாமலே போய்விடும். டேனிஷ் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916) 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் ஸ்ட்ரான்ட்காட 30 என்ற முகவரியில் குடியிருந்தார். 17ஆம் நூற்றாண்டு வீடு. அந்த வீட்டின் அறைகளையே அறுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தார். சாம்பல், வெளிர்சாம்பல், பழுப்புக்கு நகரும் சாம்பல். பல படங்களில் கறுப்பு உடுத்திய ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்பார். 1904ஐ ஒட்டி வரைந்த ஒன்றில் அவர் இடுப்போடு ஒரு தட்டை அணைத்திருக்கிறார். பக்கத்து மேசையில் மூடிபோட்ட பெரிய பீங்கான் பாத்திரம். கொண்டைக்குக் கீழே பின்கழுத்தில் மட்டும் வெளிச்சம். தட்டை எடுக்க வந்தாரா, வைக்க வந்தாரா, நடுவில் எதையாவது கேட்டு நின்றுவிட்டாரா, தெரியாது. இதைச் சோகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘தனிமை’ வேறு, ‘தனித்திருப்பது’ வேறு. ‘இனிது இனிது ஏகாந்தம் இனிது’ என்று ஔவை பெயரால் வழங்கும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1900இல் வரைந்த படத்தில் ஹாமர்ஷோய் அந்தப் பெண்ணையும் எடுத்துவிட்டார். கைப்பிடி இல்லாத ஒரு மூடிய கதவு, ஒரு சன்னல், சாய்ந்து விழும் வெயில், அதில் மிதக்கும் தூசி. எஞ்சியது அவ்வளவே.

முதுகு காட்டி நிற்கும் அந்தப் பெண் இடா, ஓவியரின் மனைவி. ஃப்ரீட்ரிக் 1822இல் வரைந்த ‘சன்னலோரப் பெண்’ படத்தில் நமக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்ப்பவர் அவர் மனைவி கரோலின். ஆட்டோமேட்டில் ஒற்றைக் கையுறையோடு உட்கார்ந்திருப்பதற்கு மாதிரியாக இருந்தவர் ஹாப்பரின் மனைவி ஜோ, அவரும் ஓவியர். 1924இல் கல்யாணம் ஆனதிலிருந்து கணவரின் படங்களில் வரும் பெண்களுக்கெல்லாம் அவரே மாதிரி. ‘காலை வெயில்’ (1952) படத்தில் கட்டிலில் தனியாக முழங்காலைக் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்ப்பவரும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்கத் தனிமைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் இந்தப் பெண்களுக்கு எதிரே, சில அடி தூரத்தில், தூரிகையோடு கணவர் நின்றிருக்கிறார். படம் ஒருவரைத்தான் காட்டியது. அறையில் இருவர் இருந்தார்கள். ஹாப்பருக்கும் ஜோவுக்கும் சண்டை வந்தால் வீடு தாங்காது என்பதும் ஜோவின் நாட்குறிப்பு படித்தவர்களுக்குத் தெரியும்.

ஹாப்பரின் கடைசி ஓவியம் 1966ஐச் சேர்ந்தது. மேடையின் விளிம்பில் வெள்ளை உடுத்திய இரண்டு கோமாளிகள், நெட்டையாக ஓர் ஆண், குட்டையாக ஒரு பெண், கைகோத்தபடி விடைபெறுகிறார்கள். அது தாங்கள் இருவரும்தான் என்று ஜோ பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதம் ஹாப்பர் இறந்தார், அதற்கடுத்த மார்ச்சில் ஜோ. கோமாளிகளுக்குப் பின்னால் முழுக்க இருட்டு.